கல்கத்தான்னு போட்டு காசியைக் காட்டினாங்க!

சினிமா தியேட்டரில் மெயின் பிக்சருக்கு முன்னால் 'நியூஸ் ரீல்' ஓட்டிய காலம் ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் அப்பாவைக் கேளுங்கள். ஏதோ ஒரு ஊர்க் கோயில், ஏதோ ஓர் ஆற்றங்கரை, கணீரென்று ஒருத்தர் விளக்கம்... 'எப்பப்பா படத்தைப் போடுவீங்க?' என்று ஜனங்கள் நெளிவார்கள். அந்த மாதிரிப் படங்களுக்கு இப்போது ஏக மவுசு. காரணம், அந்த ஊர்கள் இன்று அப்படி இல்லை!

இந்தியாவில் எடுத்து இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படங்களில் ஒன்று 1899-ஐச் சேர்ந்தது. பெயர் 'பனோரமா ஆஃப் கல்கத்தா'. கங்கையில் படகில் போனபடி எடுத்தது. படித்துறை, கூட்டம் எல்லாம் பிரமாதம். ஒரே ஒரு சிக்கல்... அது கல்கத்தா இல்லை, காசி! லண்டன்காரருக்கு எந்த ஊராக இருந்தால் என்ன?

நம்ம பக்கத்து வில்லியனூரையும் விடவில்லை. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, 1914-ல், பாத்தே கம்பெனி அதைப் படமாக்கியது. அதுவும் கலரில்! தேர்தல் சின்னத்துக்குத் தகடு வெட்டிச் சுவரில் பெயின்ட் அடிக்கிறார்களே, அதே டெக்னிக். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அச்சு வெட்டிச் சாயம் ஏற்றினார்கள். ஆனால் ஊமைப்படம். உள்ளூர்க்காரர் குரல் ஒன்றுகூடக் கிடையாது.

தப்பான ஊர்ப் பெயர், காணாமல் போன குரல்... இந்த இரண்டு குறையும் நம்ம செல்போன் வீடியோவிலும் உண்டு சார்! ஞாயிற்றுக்கிழமை போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு பைக்கில் ஏறுகிறோம். பீமன் அருவியில் ஒரு செல்ஃபி, பின்னணியில் சினிமாப் பாட்டு. முடிந்தது டாகுமெண்டரி!

அதே மலையில் கீழ்சேப்பிளிக்குப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். படத்தில் வெறும் கல்தான். தொல்லியல்காரர்கள் அதைப் பெருங்கற்காலக் கல்திட்டை, இறந்தவர் நினைவாக எழுப்பியது என்பார்கள். மலைவாழ் பெரியவர்களோ 'வாலியர் வீடு' என்பார்கள். குள்ள மனிதர்கள் அதில் குடியிருந்த கதையையும் சொல்வார்கள். அந்தக் கதை கல்லில் எழுதியிருக்காது; சொல்கிறவர் போனால் கூடவே போய்விடும்.

அதனால் அடுத்த தடவை வீடியோ எடுக்கும்போது தேதியையும் ஊர்ப் பெயரையும் வாயால் சொல்லுங்கள். அனுமதி கேட்டு, ஒரு பெரியவரைப் பத்து நிமிஷம் பேச விடுங்கள். பாட்டெல்லாம் அப்புறம்.

இல்லாவிட்டால் நூறு வருஷம் கழித்து எவராவது உங்கள் வீடியோவைப் பார்த்து, 'அடடா, அந்தக் காலத்து ஊட்டி!' என்று எழுதி வைத்துவிடுவார்!