ஸ்கிராப் வேல்யூ!

பி.காம். படித்தவனுக்கு மெஷின் என்றாலே தேய்மானம்தான். வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மதிப்பு பூஜ்யம்!

என் முதல் வேலை, மூடிப்போன ஒரு மில்லின் கணக்கை முடிப்பது. பழைய நீராவி இன்ஜினை உடைத்து, கிலோ கணக்கில் எடை போட்டார்கள். பில் எழுதியது அடியேன். இன்று அந்தக் கட்டடம் கல்யாண மண்டபம். 'கூரை ஏன் சார் இவ்வளவு உயரம்?' என்று கேட்டால், சொல்ல ஆளில்லை. பதில்தான் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதே!

லண்டனும் நம்ம கேஸ்தான். 1981-ல் மூடிய பேங்க்சைடு மின்நிலையம், 2000-ல் 'டேட் மாடர்ன்' கலைக்கூடமானது. டர்பைன்களைக் கழற்றிவிட்டார்கள், ஆனால் கூடத்துக்குப் பெயர் மட்டும் 'டர்பைன் ஹால்'. மாப்பிள்ளை இல்லாமல் ரிசப்ஷன்!

ரோம்காரர்கள் கெட்டிக்காரர்கள். அங்கே மாண்டெமார்ட்டினி என்று 1912-ல் தொடங்கிய மின்நிலையம். ஓய்ந்துபோன பிறகும் அதன் ராட்சஸ டீசல் இன்ஜின்களை விற்கவில்லை. 1997-ல் கேபிடோலைன் மியூசியத்தில் மராமத்து. அங்கிருந்த பளிங்குச் சிலைகளைக் கொஞ்ச நாளைக்கு இங்கே கொண்டுவந்து, இன்ஜின்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். கறுப்பு இரும்பு, வெள்ளைத் தேவதை... ஜோடிப் பொருத்தம் பிரமாதம்! தற்காலிக ஏற்பாடு நிரந்தர மியூசியமாகிவிட்டது.

அன்று நான் எழுதிய பில்லில் கூட்டல் சரிதான் சார். கணக்குதான் தப்பு!