ஆட்டம் கண்ட ஸ்டீரிங்! – அதிகச் செலவில்லாமல் பழைய ஜீப்பைச் சரிசெய்வது எப்படி?

பொழுது இன்னும் விடியவில்லை.

போடிநாயக்கனூரில் ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. தூக்குச் சட்டியும் கையுமாகப் பெண்கள் வேகமாக நடந்து வருகிறார்கள். மலைக்கு மேலே ஏலத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஆட்கள் ஏறியதும் ஜீப் புறப்படுகிறது.

போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம். நடுவே ஜீப். உள்ளே இருக்கும் அத்தனை பேருடைய உயிரும், டிரைவர் கையில் இருக்கும் அந்த வட்டச் சக்கரத்தில் இருக்கிறது.

அந்தச் சக்கரம் ஆட்டம் கண்டால்?

டிரைவர் திருப்புகிறார். வண்டி உடனே திரும்புவதில்லை. சற்று யோசித்துவிட்டுத் திரும்புகிறது! நேரான ரோட்டில்கூட வண்டி ஒரு பக்கம் ஒதுங்குகிறது. கையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. "ஸ்டீரிங்கில் ப்ளே விழுந்துவிட்டது" என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

போர்க்களத்தில் பிறந்த வண்டி

ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்த பிறகு, 1947-ல் மகிந்திரா கம்பெனி இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அதே வழியில் வந்த வண்டிகள் பல பத்தாண்டுகள் இங்கே தயாராயின. மலைத் தோட்டங்களிலும் காட்டுப் பாதைகளிலும் அவை இன்னும் உழைக்கின்றன.

வண்டி பழையது. உழைப்போ கடுமையானது. கல்லும் குழியும் நிறைந்த பாதையில் ஒவ்வொரு நாளும் அடி வாங்கும் பாகம் ஸ்டீரிங்தான். அது தேய்வதில் வியப்பு இல்லை.

பெட்டி மீது பழி!

ஸ்டீரிங் ஆடியதும் பலர் செய்யும் முதல் காரியம், ஸ்டீரிங் பெட்டியை மாற்றுவது. பட்டறைகளில் அடிக்கடி இப்படிப் பேச்சு நடக்கும்.

"அண்ணே, ஸ்டீரிங் ரொம்ப லூசா இருக்கு. பெட்டிய மாத்திருவோமா?"

"இருப்பா, அவசரப்படாதே. கீழே படுத்துப் பார்ப்போம். குத்தம் எங்கேன்னு தெரியாம பணத்தைக் கொட்டலாமா?"

அனுபவம் உள்ள மெக்கானிக் சொல்லும் பதில் இது. இதில்தான் சிக்கனத்தின் ரகசியமே இருக்கிறது. பெட்டிதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. ஆனால், குற்றம் பெரும்பாலும் விலை குறைந்த சாமானில் இருக்கும். பெட்டியை மாற்றிய பிறகும் ஆட்டம் போகாமல் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

ஒரு நெல்மணி அளவு

மாட்டு வண்டிக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, அப்படி ஜீப்புக்கு ஸ்டீரிங். ஆனால் இது ஒரே கயிறு அல்ல. பல முடிச்சுகள் போட்ட கயிறு.

டிரைவர் சக்கரத்தைத் திருப்பினால், நீண்ட தண்டு வழியாக அது ஸ்டீரிங் பெட்டிக்குப் போகிறது. பெட்டியில் இருந்து தொங்கும் கை ஒன்று அசைகிறது. அதற்கு டிராப் ஆர்ம் என்று பெயர். அது "டிராக் லிங்க்" என்ற கம்பியைத் தள்ளுகிறது. அந்தக் கம்பி, வண்டியின் முன்பக்கம் நடுவே இருக்கும் "பெல் கிராங்க்" என்ற பாகத்தைத் திருப்புகிறது. அதில் இருந்து இரண்டு டை ராடுகள் இரண்டு பக்கமும் போய் முன் சக்கரங்களைத் திருப்புகின்றன. பழைய வில்லிஸ் மாதிரி ஜீப்புகளின் அமைப்பு இது.

இந்த வழியில் எத்தனை மூட்டுகள்! ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தால் போதும். எல்லாம் சேர்ந்து டிரைவர் கையில் பெரிய ஆட்டமாக வந்து நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தப் பெட்டிகளில் ஸ்டீரிங் சக்கரம் 12 முதல் 14 பாகை திரும்பினால்தான் டிராப் ஆர்ம் 1 பாகை அசையும். டிராப் ஆர்ம் முனையில் ஒரு நெல்மணியின் அகலத்துக்குத் தேய்மானம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீரிங் சக்கரத்தின் விளிம்பில் அது ஏறக்குறைய 2 அங்குல ஆட்டமாகத் தெரியும்!

இருவர் போதும்

குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். இரண்டு பேர் போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். முன் சக்கரங்கள் நேராக இருக்கட்டும். என்ஜினை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும்.

ஒருவர் டிரைவர் இடத்தில் உட்கார்ந்து, ஸ்டீரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்ட வேண்டும். டயர் அசையத் தொடங்கும் வரை ஆட்டினால் போதும். சக்கர விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளலாம். பழைய ஜீப்பில் ஓர் அங்குலம் வரை இருப்பது இயல்பு. 3 அங்குலத்தைத் தொட்டுவிட்டால், அந்த வண்டியை மலை ஏற்றக் கூடாது.

மற்றவர் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். மூட்டின் மீது விரலை வைத்தாலே போதும். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் அசையாமல் நின்றால், அந்த மூட்டில்தான் திருடன் ஒளிந்திருக்கிறான்! டை ராட் முனைகள், டிராக் லிங்க்கின் இரு முனைகள், பெல் கிராங்க் அச்சு ஆகியவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். பெல் கிராங்க் அச்சும் அதன் பேரிங்கும் தேய்வது இந்த வண்டிகளில் மிகவும் சாதாரணம்.

பெட்டியையும் ஒரு கண் பார்க்க வேண்டும். பெட்டியே சட்டத்தின் மீது அசைகிறதா? அப்படியானால் போல்ட் தளர்ந்திருக்கும். அல்லது சட்டத்தில் விரிசல் விழுந்திருக்கும். போல்ட்டை இறுக்கினாலே பாதி ஆட்டம் போய்விடுவது உண்டு.

சக்கரத்தைத் தூக்கி ஒரு சோதனை

அடுத்தது, முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டும். அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கி வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்கக் கூடாது.

டயரின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிகிறதா? உடனே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் சக்கர பேரிங்கில். நிற்காவிட்டால் குற்றம் கிங் பின் பேரிங்கில். இவ்வளவு எளிய சோதனை!

சக்கர பேரிங்கைச் சரியான அளவுக்கு இறுக்கினாலே பல சமயம் போதும். கிங் பின்னில் "ஷிம்" என்ற மெல்லிய தகடுகள் இருக்கும். பேரிங் நன்றாக இருந்தால், ஒரு தகட்டை எடுத்துவிட்டுப் பூட்டினால் ஆட்டம் குறையும். இதை வேலை தெரிந்த மெக்கானிக் செய்வதே நல்லது.

எதை முதலில் செய்வது?

செலவு குறைந்ததில் இருந்து தொடங்க வேண்டும். இதுதான் முறை.

முதலில் டயரின் காற்றைப் பார்க்க வேண்டும். காற்று குறைந்தாலும், இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டாலும் வண்டி அலையும். பிறகு பெட்டியின் போல்ட், வில்லுப் பட்டைகளைப் பிடித்திருக்கும் யு-போல்ட் ஆகியவற்றை இறுக்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளில் எல்லாம் கிரீஸ் அடிக்க வேண்டும். இவற்றுக்கு அதிகப் பணம் ஆகாது.

அடுத்தது டிராக் லிங்க். பழைய மாதிரியில் இதன் இரு முனைகளிலும் மறையுள்ள மூடி இருக்கும். மூடியை முழுக்க முறுக்கி, பிறகு வண்டியின் கையேடு சொல்கிறபடி அரைச் சுற்றோ ஒரு சுற்றோ தளர்த்தி, புதிய காட்டர் பின் போட வேண்டும். உள்ளே இருக்கும் உருண்டை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால், இறுக்கிப் பயன் இல்லை. அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

பிறகு டை ராட் முனைகள். எது ஆடுகிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும். மாற்றிய பிறகு முன் சக்கரங்களின் நேரை அளக்க மறக்கக் கூடாது. இரு டயர்களுக்கும் இடையே உள்ள தூரம், பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இதைப் பார்க்காவிட்டால் புது டயரும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

அதன் பிறகு பெல் கிராங்க். அச்சும் பேரிங்கும் மாற்றினால் பழைய கிராங்க்கே மீண்டும் உழைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆட்டம் இருந்தால்தான் பெட்டியைத் தொட வேண்டும்.

திருகாணி ஆபத்து!

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகாணி இருக்கும். "அதை ஒரு திருகு திருகினால் ஆட்டம் போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அளவுக்கு மேல் முறுக்கினால் ஆபத்து வந்து சேரும்.

வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்ப வேண்டும். அதிகம் இறுக்கிய பெட்டியில் அது திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் இப்படி நடந்தால் என்ன ஆகும்? ஆகவே, டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருகாணியை முறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்டீரிங்கை ஒரு கோடியில் இருந்து மறுகோடி வரை சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் பிடிக்கக் கூடாது.

பெட்டியில் எண்ணெய் கசிகிறது என்று கெட்டி கிரீஸை அடைக்கிறார்கள் சிலர். அது ஓரமாக ஒதுங்கிவிடும். பல்லுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேராது. கசிவை நிறுத்தி, உரிய கியர் எண்ணெயை ஊற்றுவதே சரி.

எங்கே சிக்கனம் கூடாது?

ஸ்டீரிங் வேலையில் சிக்கனம் செய்யும் இடம் வேறு. செய்யக் கூடாத இடம் வேறு.

வளைந்த டை ராடை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தக் கூடாது. முறிந்த கம்பியை வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது. தேய்ந்த மூட்டுக்குள் தோலையும் தகரத்தையும் திணிக்கக் கூடாது. கழற்றிய காட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்டக் கூடாது. ஒரு காட்டர் பின்னின் விலை மிகச் சொற்பம். அது கழன்று விழுந்தால் போவது எத்தனை உயிர்?

அளவுக்கு மேல் ஆளை ஏற்றுவதும் ஒருவகையில் பொய்ச் சிக்கனமே. கூடுதல் பாரம் பேரிங்கையும் வில்லையும் தின்கிறது. அன்று கூடுதலாகக் கிடைத்த காசு, மறுமாதம் பட்டறைக்குப் போய்ச் சேருகிறது.

வேலை முடிந்ததும் நேராக மலைக்குப் போகக் கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். திருப்பினால் உடனே திரும்ப வேண்டும். கையை லேசாக விட்டால் நேருக்கு வர வேண்டும். பிறகு வண்டியை நிறுத்தி, எல்லா நட்டையும் மீண்டும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதிகாலையில் ஜீப்பில் ஏறும் பெண்களுக்கு டை ராட் தெரியாது. பெல் கிராங்க் தெரியாது. மாலையில் பிள்ளைகளிடம் திரும்பி வந்துவிடுவோம் என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற, மாதம் ஒருமுறை இரண்டு பேர் அரைமணி நேரம் செலவிட்டால் போதும்.

பழைய வண்டி ஓடலாம். பழைய ஆட்டத்தோடு ஓடக் கூடாது!