நெடுஞ்சாலை இன்ஜின்கள் – 11: ஹெட்டுக்குள் காற்று ஓடும் வழி

வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கேம் ஷாஃப்ட் தீர்மானிப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். திறந்த வால்வைத் தாண்டி எவ்வளவு காற்று உள்ளே போகும், எந்த வேகத்தில் போகும் என்பதெல்லாம் சிலிண்டருக்கு மேல் மூடியாக உட்காரும் ஹெட்டின் பொறுப்பு. ஹார்லி டேவிட்சன் டூரிங் வண்டி வைத்திருப்பவர்களில் பலர் முதலில் சைலன்சரை மாற்றுகிறார்கள், அப்புறம் ஏர் ஃபில்டர், அப்புறம் கேம். கடைசியில்தான் ஹெட்டில் கைவைக்கிறார்கள். இருப்பதிலேயே நுட்பமான வேலை அதுதான். செலவழித்த பணத்துக்கு எதிர்மாறான பலன் கிடைத்துவிடக்கூடிய வேலையும் அதுதான்.

2007-ஆம் ஆண்டு மாடலாக வந்த ட்வின் கேம் 96 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 95.25 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 111.1 மி.மீ., இரண்டு சிலிண்டரும் சேர்ந்து 1,584 சிசி. போரை விட ஸ்ட்ரோக் இவ்வளவு நீளமாக இருக்கும் இன்ஜின், அதிக ஆர்.பி.எம்.மில் அலறுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. வண்டி மட்டுமே 350 கிலோவைத் தாண்டும். அதன் மேல் இரண்டு பேர், மூன்று பெட்டி. ஆறாவது கியரில் நெடுஞ்சாலையில் போகும்போது இன்ஜின் பெரும்பாலும் 2,000-த்துக்கும் 3,000-த்துக்கும் இடையில்தான் சுற்றுகிறது. ஹெட் வேலையின் பலன் தெரிய வேண்டிய இடம் அதுதான், 5,500-இல் அல்ல.

ஆனால் கடைகளில் நடப்பது வேறு. கிரைண்டரை எடுத்து, ஹெட்டுக்குள் காற்று வரும் வழியான இன்டேக் போர்ட்டை அகலமாகக் குடைந்து, வால்வையும் ஒரு சைஸ் பெரிதாக்கிவிடுகிறார்கள். காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் வைத்து, 28 அங்குல நீர்மட்ட அழுத்த வேறுபாட்டில் அளந்து பார்த்தால் எண் பிரமாதமாக வரும். வண்டியை ஓட்டினால் கீழ் ஆர்.பி.எம்.மில் சோர்ந்து கிடக்கும். அடுப்பை வெறும் வாயால் ஊதுவதற்கும் ஊதுகுழலால் ஊதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். ஒரே மூச்சு, குறுகிய வழியில் போகும்போது வேகம் பிடிக்கிறது. மெதுவான ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் இழுக்கும் காற்று கொஞ்சம்தான். அகலமான போர்ட்டில் அது சோம்பலாக நகரும், அதோடு வரும் பெட்ரோல் துளிகள் சுவரில் படிந்துவிடும். போர்ட் அளவாக இருந்தால் காற்றுக்கு உந்தம் கிடைக்கிறது. பிஸ்டன் கீழே போய் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் அந்த உந்தத்தில் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே புகுந்துவிடும். டூரிங் வண்டிக்கு வேண்டியது அந்தக் கொஞ்சம்தான்.

அதனால் நல்ல ஹெட் வேலைக்காரர் போர்ட்டின் நடுப்பகுதியை அதிகம் தொடமாட்டார். அவர் நேரம் செலவழிப்பது வால்வுக்கு நெருங்கிய கடைசி அங்குலத்தில்: காற்று வளைந்து திரும்பும் உள்வளைவு, வால்வின் தண்டைத் தாங்கும் கைடு துருத்திக்கொண்டிருக்கும் இடம், வால்வு மூடும்போது உட்காரும் சீட். சீட்டை 30, 45, 60 என மூன்று கோணங்களில் வெட்டுவார். நடுவில் உள்ள 45 டிகிரி பட்டைதான் வால்வோடு பொருந்தி அடைக்கிறது; மற்ற இரண்டும் காற்றுக்கு வளைவை மென்மையாக்குகின்றன. கைடு தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். கைடு ஆடினால் எவ்வளவு அழகாக வெட்டிய சீட்டும் சில ஆயிரம் கிலோமீட்டரில் கெட்டுவிடும். இன்டேக் போர்ட்டைக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்வதும் தேவையில்லை. லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பெட்ரோல் சுவரில் ஓடையாக ஒழுகாமல் மறுபடி காற்றோடு கலக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் வழவழப்பாக்கினால் கரி படிவது குறையும், அங்கே செய்யலாம்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது. கீழ் ஆர்.பி.எம். இழுவைக்கு இதைவிட நேரான வழி இல்லை என்பது என் எண்ணம். இந்த இன்ஜினில் அது 9.2-க்கு 1. ஒரு சிலிண்டர் 792 சிசி. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 97 சிசி. 9.8 ஆக்க வேண்டுமானால் அது 90 சிசியாகக் குறைய வேண்டும். கணக்கெல்லாம் இந்த ஆறேழு சிசிக்குள்தான். இதை அளக்க, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளை மூடி, ஸ்பார்க் பிளக்கைப் போட்டு, சிறு துளையிட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி மேலே ஒட்டுகிறார்கள். பியூரெட்டிலிருந்து சாயம் கலந்த திரவத்தைத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். கடைசிக் காற்றுக் குமிழி வெளியேறும் கணத்தில் பியூரெட் காட்டும் அளவுதான் ஹெட்டில் உள்ள எரியறையின் கொள்ளளவு. முன் ஹெட்டும் பின் ஹெட்டும் ஒரே அளவு காட்டும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள்.

கொள்ளளவைக் குறைக்க ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவுவார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. இது 45 டிகிரி வி-ட்வின். இரண்டு ஹெட்டும் கீழே இறங்கும்போது ஒன்றையொன்று நெருங்கும். நடுவில் மாட்டும் இன்டேக் மேனிஃபோல்டு சரியாக உட்காராமல் காற்று கசியலாம். புஷ் ராட் நீளத்தையும் பார்க்க வேண்டும். கொஞ்சமாகச் சீவி, மெல்லிய கேஸ்கட் போட்டு மீதியைச் சரிக்கட்டுவது நல்லது. பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தால் கலவை பிதுக்கப்பட்டுப் பிளக் பக்கம் தள்ளப்படும், எரிதல் சீராகும், கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் அபாயமும் குறையும்.

நாக்கிங்கைச் சொல்லும்போது வெப்பத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹார்லியின் ஹெட் வரலாறே வெப்பத்தோடு நடந்த மல்லுக்கட்டுதான். 1936-இல் வந்த நக்கிள்ஹெட் இன்ஜினில் ஹெட் வார்ப்பிரும்பு. 1948-இல் பேன்ஹெட் அலுமினிய ஹெட்டோடு வந்தது. 1984-இன் எவல்யூஷனில் சிலிண்டரும் அலுமினியமானது. அப்போதும் முன் சிலிண்டரின் மறைவில் நிற்கும் பின் சிலிண்டருக்குக் காற்று போதவில்லை. 2014 மாடல் டூரிங் வண்டிகளில் சிலவற்றுக்கு எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி மட்டும் கூலன்ட் ஓடும் ஹெட்டைக் கொடுத்தார்கள். 2017 மாடலில் வந்த மில்வாக்கி-எயிட்டில் சிலிண்டருக்கு நான்கு வால்வு, இரண்டு பிளக். கம்ப்ரஷன் 10-க்கு 1. காற்றோட்டத் திறன் 50 சதவீதம் கூடுதல் என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும் இழுவையைக் கீழ் ஆர்.பி.எம்.மிலேயே வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பழைய ட்வின் கேமில் இதையெல்லாம் செய்து முடித்தாலும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம்.முக்கு ஹெட் மாறியது தெரியாது. பழைய கணக்குப்படியே பெட்ரோலை விடும், பழைய நேரத்திலேயே பிளக்கைப் பற்றவைக்கும். சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, அந்தக் கணக்குகள் அடங்கிய மேப்பைத் திருத்தும் வரை வண்டியை முழு த்ராட்டிலில் ஓட்டக் கூடாது. அந்த மேப்பை எப்படித் திருத்துகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.