ஆஸ்பத்திரி ஆபீசில் ஓராண்டு

பி.பி.ஏ.வோ பி.காமோ முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளையிடம் "ஆஸ்பத்திரியில் அப்ரண்டிஸாகச் சேர்கிறாயா?" என்று கேட்டால், "நான் நர்சிங் படிக்கலையே" என்றுதான் பதில் வரும். வீட்டுப் பெரியவர்களும் அதையேதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரி என்றால் டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை என்ற மூன்றோடு நம் மனக்கணக்கு முடிந்துவிடுகிறது. ஓபி சீட்டு போடுவது யார், கேஸ் ஷீட்டைத் தேடி எடுப்பது யார், காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது யார், ஊசியும் பஞ்சும் தீர்வதற்கு முன் ஆர்டர் போடுவது யார், நைட் டியூட்டிப் பட்டியல் எழுதுவது யார் என்று நாம் யோசிப்பதே இல்லை. இத்தனையும் நிர்வாக வேலை. பி.பி.ஏ. படித்தவருக்கு உரிய வேலை.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது. வெகுகாலம் ஐ.டி.ஐ., டிப்ளமா, இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கான கதவாகவே அது இருந்தது. 2014-இல் செய்த திருத்தம்தான் கலை, வணிகப் பட்டதாரிகளுக்கும் அதைத் திறந்தது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். ஓரளவு பெரிய தனியார் மருத்துவமனை எதுவும் இதற்குள் வந்துவிடும். பட்டதாரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சி. 2019-இல் வந்த விதி பட்டதாரிகளின் மாத உதவித்தொகையைக் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தது. 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் அதை 36 சதவீதம் உயர்த்தச் சொல்லிப் பரிந்துரைத்தது. அதனால் சேரும் நாளில் நடைமுறையில் இருக்கும் தொகை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஒப்பந்தப் பதிவும் சான்றிதழும் அதன் வழியாகத்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. ஒப்பந்தத்தில் எழுதாதவரை, ஆண்டு முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இங்கிலாந்தில் இதே நிர்வாகப் பயிற்சியை அரசு மருத்துவச் சேவையில் பெறுபவர் முதல் நாளிலிருந்தே ஊழியர். நம் ஊரில் அப்படி இல்லை. ஆகவே அந்த ஓராண்டில் என்ன கற்றுக்கொள்கிறோம் என்பதுதான் நமக்கு மிஞ்சும் சொத்து.

என்ன கற்கிறார்கள்? ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம்: பெயர் எழுதுவது.

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா ஆபரேஷனுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டையில் லெட்சுமி. ஆதாரில் லட்சுமி, அதுவும் கணவரின் இனிஷியலோடு. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் அப்பாவின் இனிஷியல். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை நான்கைந்து விதமாக எழுதலாம். வயதைக் கேட்டால், "அறுபது இருக்கும்யா, போட்டுக்க" என்கிறார். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். ஆவணங்களில் பெயர் ஒத்துப்போகாவிட்டால், அங்கிருந்து கொயரி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கவுண்டரில் ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு, அந்த அம்மாவின் மகன் ஊருக்கும் தாலுகா ஆபீசுக்கும் இரண்டு நடை நடக்க வேண்டியிருக்கும். ஆபரேஷன் தள்ளிப்போகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான திட்டம் அது. அந்த இரண்டு நடையின் பஸ் செலவும், இழந்த கூலியும் அவர்களுக்குச் சின்னத் தொகை அல்ல. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு அலைச்சல் இன்னும் அதிகம்.

இதைக் கல்லூரிப் பாடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. அட்டையைக் கையில் வாங்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்து, "அம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன? அப்பா பேர் என்ன?" என்று பொறுமையாகக் கேட்கும் பழக்கம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கற்பது. எம்.ஆர்.டி. என்னும் பதிவேட்டு அறையும் அப்படித்தான். ஒருவருடைய கேஸ் ஷீட் இன்னொருவர் உறைக்குள் போனால், அடுத்த முறை டாக்டர் பார்ப்பது யாருடைய மருந்து ஒவ்வாமையை?

தட்டிக்கொடுத்து வளர்க்கும் இடம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். புதிதாகச் சேர்ந்தவர் தப்பு செய்வார். செய்யாமல் யாரும் கற்றதில்லை. "அக்கா, நம்பரை மாத்திப் போட்டுட்டேன்" என்று உடனே சொல்ல முடிந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். நாலு பேர் முன்னால் திட்டு விழும் இடமென்றால், பயந்து மறைப்பார். மறைத்த தப்பு வார்டு வரை போகும். அன்பான அலுவலகம் என்பதை ஊழியருக்குச் செய்யும் சலுகையாக நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் அது நோயாளிக்கான பாதுகாப்பு.

பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது பலன் தரும் என்பதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறது. கண் பரிசோதனைக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் மட்டும் அல்ல, நோயாளிக்கு விளக்கிச் சொல்வதற்கும் பதிவேடு பார்ப்பதற்கும் அந்தப் பெண்களே. மருத்துவமனைப் பின்னணி எதுவும் இல்லாமல் வந்தவர்கள், மூத்தவர்களின் கைபிடித்து நடந்து, இன்று அந்த நிறுவனத்தின் முதுகெலும்பாக நிற்கிறார்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் எவரும் கற்பார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் இப்படிப் பயிற்சி பெற்ற நிர்வாக ஆட்கள் தேவை. முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2017 ஜூன் 9 அன்று திறக்கப்பட்டது. 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. மருத்துவம் பெருகும் ஊரில் அதைத் தாங்கும் காகித வேலையும் கணினி வேலையும் சேர்ந்தே பெருகும்.

கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேளுங்கள். ஒப்பந்தம் பதிவாகுமா? உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வருமா? ஆண்டு முழுவதும் ஒரே கவுண்டரா, அல்லது பில்லிங், காப்பீடு, ஸ்டோர், பதிவேடு என்று மாற்றி மாற்றி உட்கார வைப்பார்களா? எனக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் யார்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வந்தால் நல்லது.

முடிந்தால் சேருவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அங்கே போய், ஓபி கவுண்டருக்கு எதிர் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கூட்டம் நெரிக்கும் நேரம் அது. கவுண்டரில் இருக்கும் புதுப் பெண் தடுமாறும்போது, பின்னால் இருக்கும் மூத்தவர் எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறாரா, உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போடுகிறாரா என்று கவனியுங்கள்.