மயிலையோ, வேளச்சேரியோ?

இல்லம் அமைத்தல் எளிதன்று. அதற்கு இடம் தேர்தல் அதனினும் அரிது. எம் தந்தையார் அலுவலினின்று ஓய்வு பெற்றதும், முதிய பாட்டியாருடன் சென்னையிற் குடியேற எண்ணினோம். கைப்பொருளோ அளவுடையது, பிழைபடத் தேர்ந்தால் மீண்டும் தேர்தற்கு வழியில்லை. மயிலாப்பூர், வேளச்சேரி என்னும் இரண்டும் எம்முன் நின்றன. அவற்றை யாம் சீர்தூக்கிய முறையை ஈண்டு உரைப்பாம்.

மயிலாப்பூர் தொன்மை வாய்ந்தது. தெப்பக்குளமும், மாட வீதிகளும், 1516-ல் எழுந்ததென்னும் லஸ் தேவாலயமும், சாந்தோம் பேராலயமும் அதன் பழமைக்குச் சான்று. கடையும் மருத்துவமனையும் நடந்து செல்லும் தொலைவில் உள. ஆயின் வாடகை மிகுதி, அறைகள் சிறியன, தெருக்கள் குறுகியன.

வேளச்சேரியோ அண்மைக் காலத்தில் விரிந்தது. 1997-ல் திருமயிலையை அடைந்த பறக்கும் இரயில் 2007-ல் வேளச்சேரியை எட்டிற்று. பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனங்களும் அணித்தே உள. மயிலையிற் கொடுக்கும் வாடகைக்கு இங்கு ஓர் அறை மிகுதியாகக் கிடைக்கும். எனவே எம் உள்ளம் முதலில் வேளச்சேரியையே நாடிற்று.

நிற்க. நீரின் வழியை யாம் ஆராய்ந்திலோம். வேளச்சேரி தாழ்ந்த நிலம். சுற்றியுள்ள ஏரிகளின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவின் வழியே கடலை நோக்கிச் செல்வது இயற்கை. ஏரியும் சதுப்பும் கட்டடங்களாற் சுருங்கவே, நீர் தெருக்களிற் புகுந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்குள்ளார் பட்ட துயர் யாவரும் அறிந்ததே. மாடியில் வெள்ளம் ஏறாதெனினும், மின்சாரம் நின்று மின்தூக்கி ஓய்ந்தால், எம் பாட்டியார் கீழே இறங்குவது எங்ஙனம்?

மயிலையில் மழைநீர் தேங்குவதில்லை எனல் பொய்; வேளச்சேரி முழுவதும் மூழ்கும் எனலும் பொய். தெருவுக்குத் தெரு மேடும் பள்ளமும் வேறுபடும். ஆதலின் தரகர் சொல்லை மட்டும் நம்பாது, ஐப்பசி கார்த்திகை மழையில் நேரிற் செல்லுக. சுவரிலுள்ள நீர்க்கறையை நோக்குக. அயலாரையும் மளிகைக் கடைக்காரரையும் வினவுக. விலைக்கு வாங்க விழைவோர் அத்தெருவில் ஒரு மழைக்காலமேனும் வாடகைக்கு இருந்து பார்த்தல் நன்று.

இளமையும் அலுவலும் உடையார்க்கு வேளச்சேரியின் மேட்டுத் தெரு ஒன்று பொருந்தலாம். யாம் மயிலையில், மழைக்காலத்தில் நேரிற் கண்ட ஒரு தெருவிலே, தரைத்தளத்துச் சிறு வீடொன்றை வாடகைக்குக் கொண்டோம். ஓர் அறை குறைந்தது உண்மையே. பாட்டியாரைப் பற்றிய கவலையும் குறைந்தது.