குடலில் வாழும் நுண்ணங்கிகளும் மனச்சோர்வும்

கூட்டெருக் குவியலினுள்ளே கையை நுழைத்துப் பார்த்த கமக்காரர் அதன் சூட்டை அறிவர். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணங்கிகள் இலைகுழைகளை உண்டு எருவாக்கும்போது எழும் சூடு அது. மாட்டின் இரைப்பையிலும் இத்தொழில் நடைபெறுவதாலேயே அது வைக்கோலைத் தின்று உழைக்கின்றது. மனிதனின் பெருங்குடலிலும் கோடானுகோடி நுண்ணங்கிகள் உள. நாம் சமிக்க இயலாத நார்ப்பொருளை அவை புளிக்கவைத்துச் சில அமிலங்களை ஆக்குகின்றன. அவற்றுள் பியூற்றிரிக்கமிலம் பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு முதன்மையான உணவாகும்.

இதற்கும் மனத்துக்கும் தொடர்பு யாது? மூளையின் நிறை உடல் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் சக்தியில் நூற்றுக்கு 20 பங்கு அதற்கே வேண்டும். மனச்சோர்வுற்றோர் பலரின் மூளையின் முன்பகுதி குளுக்கோசைக் குறைவாகவே பயன்படுத்துவதை ஆராய்ச்சியாளர் 1980களிற் கண்டனர்.

சீனாவின் சொங்சிங் நகர ஆராய்ச்சியாளர் ஒரு பரிசோதனையை 2016 இல் வெளியிட்டனர். நுண்ணங்கிகள் எவையுமின்றி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுட் சிலவற்றுக்கு மனச்சோர்வுற்றோரின் குடல் நுண்ணங்கிகளும், ஏனையவற்றுக்கு நலமுள்ளோருடையவையும் புகட்டப்பட்டன. முதல்வகை எலிகள் நீரில் விடப்பட்டபோது நீந்த முயலாது நெடுநேரம் அசைவற்று மிதந்தன. உணவைச் சக்தியாக்கும் அனுசேபமும் அவற்றிற் பிறழ்ந்திருந்தது. நாற்றுமேடையில் முளைத்த விதையெல்லாம் வயலில் அவ்வாறே விளைவதில்லை. எலியிற் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துதலும் தகாது.

அவுஸ்திரேலியாவில் மனச்சோர்வுற்ற 67 பேர் பங்குகொண்ட ஆய்வொன்று 2017 இல் வெளிவந்தது. காய்கறி, அவரையினம், தீட்டாத தானியம், மீன் ஆகியவற்றைப் பெருக்கி உண்ணும்படி 12 கிழமை வழிகாட்டப்பட்டோரில் நூற்றுக்கு 32 பேர் நோய் நீங்கினர். ஆதரவுப் பேச்சு மாத்திரம் பெற்றோரில் 8 பேரே நீங்கினர். அவர்களுட் பெரும்பாலோர் மருந்தோ வேறு சிகிச்சையோ பெற்றுவந்தவராதலின், உணவை நம்பி மருந்தை நிறுத்துதல் பெருந்தவறு.

கீரையையும் பயற்றையும் சந்தைக்கு அனுப்பிவிட்டு, தீட்டிய அரிசிச் சோற்றைச் சம்பலுடன் உண்ணும் கமக்காரக் குடும்பங்கள் பல. பொன்னாங்காணியும் குரக்கனும் கௌபீயும் முதலில் வீட்டுச் சட்டிக்குச் சேரட்டும்.

விளைவு பொய்த்துக் கடனும் ஏறிய ஒருவர், இரு கிழமைக்கு மேலாக உறக்கமும் பசியுங் குன்றி வயலை நாடாதிருப்பின், அவரைச் சோம்பேறியென ஏசாது வைத்தியரிடம் அழைத்துச் செல்க. அத்தகைய வீட்டிற் பூச்சிநாசினிகளைப் பூட்டிவைத்துத் திறப்பை வேறொருவர் வைத்திருத்தல் வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி பெறலாம்.