விரிதாள் தேடற் சார்பு

விரிதாள் தேடற் சார்பு என்பது, அட்டவணையின் ஒரு நிரலில் ஒரு சொல்லையோ எண்ணையோ தேடி, அதே நிரையில் வேறொரு நிரலில் உள்ள மதிப்பை எடுத்துத் தரும் சார்பு ஆகும். 1979இல் வெளியான விசிகால்க் மென்பொருளிலேயே இத்தகைய சார்பு இருந்தது. எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க் ஆகியவற்றில் உள்ள வீலுக்அப் பரவலாக அறியப்பட்டதாகும்.

வீலுக்அப் சார்புக்குத் தேடும் சொல், அட்டவணை, விடை உள்ள நிரலின் எண், பொருத்த முறை என நான்கு உள்ளீடுகள் உண்டு. தேடும் சொல் அட்டவணையின் முதல் நிரலில் இருத்தல் வேண்டும்.

நான்காவது உள்ளீட்டை விட்டுவிட்டால் சார்பு தோராயப் பொருத்தத்தைக் கையாளும். பெரும்பாலான பிழைகள் தோன்றுவது இங்கேதான். எடுத்துக்காட்டாக, ஓர் அஞ்சல் குறியீட்டு அட்டவணையில் அகரவரிசைப்படி ஆய்க்குடி (627852), குற்றாலம் (627802), தென்காசி (627811) ஆகிய மூன்று ஊர்கள் மட்டும் உள்ளன எனக் கொள்க. இதில் இல்லாத குத்துக்கல்வலசையைத் தேடினால், அகரவரிசையில் அதற்கு முந்திய ஆய்க்குடியின் 627852 விடையாகக் கிடைக்கும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது; கடிதம் வேறு ஊருக்குப் போகும். நான்காவது உள்ளீடாக 0 இட்டால் துல்லியப் பொருத்தம் நிகழ்ந்து, மதிப்பு இல்லை என்னும் பிழை காட்டப்படும். பிழை காட்டுவதே இங்குச் சரியான விடை.

துல்லியப் பொருத்தத்தில் "குத்துக்கல் வலசை" என இடைவெளி விட்டு எழுதுவதும் வேறு சொல்லாகவே கொள்ளப்படும்.

மைக்ரோசாப்ட் 2019இல் அறிவித்த எக்ஸ்லுக்அப் சார்பில் துல்லியப் பொருத்தமே இயல்பு நிலையாகும். தேடும் நிரலுக்கு இடப்புறம் உள்ள விடையையும் அது எடுத்துத் தரும். லிப்ரே ஆபிஸில் இச்சார்பு 24.8ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.